திருப்புளிச் சகலை

என் சகலையைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அலுவலகத்தில் திருப்புளி, தெருவில் திருப்புளிக்காரர், வீட்டில் "ஏங்க". மற்றவர்கள் பேனா வைக்கிற சட்டைப்பையில் அவர் திருப்புளி, அதாவது ஸ்க்ரூடிரைவர், வைத்திருப்பார். கல்யாண வீட்டுக்கும் அதோடுதான் வருவார், துக்க வீட்டுக்கும் அதோடுதான் வருவார். அக்காவை அவரும் தங்கையை நானும் கட்டியதால் சகலை. வேலையிலும் அப்படியே. அவர் பட்டறைகள் நிறைந்த பக்கத்து ஊர் நகராட்சியில் வீடுகளுக்குக் கதவு எண் தகடு மாட்டுகிறவர். நான் நெசவு நடக்கிற எங்கள் ஊர் நகராட்சியில் அதே வேலை. அவர் தகடு பச்சை, என் தகடு நீலம்.

அவரைப் பற்றி எழுத எனக்கு இருக்கிற தகுதி ஒன்றே ஒன்றுதான். இந்த உலகத்தில் அவர் அதிகமாகச் சந்தேகப்பட்ட ஆள் நான்.

எனக்குப் பெண் பேசிய காலத்திலேயே ஆரம்பித்துவிட்டது. தொப்பி போட்டுக்கொண்டு, வழி தெரியாதவர் மாதிரி என் அலுவலகத்துக்கு வந்து, "இங்க தகடு மாட்டுறவர் ஒருத்தர் இருக்காராமே, ஆள் எப்படி?" என்று என்னிடமே கேட்டார். நல்ல ஆள்தான் என்றேன். வேறென்ன சொல்வது? கல்யாணத்தன்று என்னைப் பார்த்ததும், "அன்னைக்கு உன்னைப் பத்தி நீயே சர்டிபிகேட் குடுத்தவன்தானே நீ?" என்றார். அதைப் பத்தொன்பது வருஷமாகச் சொல்லிக் காட்டுகிறார்.

வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை இழுப்பார். தெருமுனை வரை போவார். திரும்பி வந்து நாலாவது முறை இழுப்பார். வயிற்று வலி என்றால் இரண்டு டாக்டரிடம் போவார். இருவரும் ஒரே மருந்தை எழுதினால் பேசி வைத்துக்கொண்டார்கள் என்பார், வேறு வேறு மருந்து எழுதினால் ஒருத்தனுக்காவது தொழில் தெரியாது என்பார். கெட்ட மனிதர் இல்லை. ஒருத்தர் பொருளைத் தொடமாட்டார், பொய் சொல்லமாட்டார். தன்னைப்போல மற்றவர்களும் இருக்கலாம் என்பதுதான் அவருக்கு நம்பமுடியாத விஷயம்.

அவருடைய இந்தக் குணத்துக்குத் தீனி போட்டது எங்கள் இரண்டு ஊர்களும்தான். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இரண்டுக்கும் நடுவே பஸ்ஸில் அரை மணி நேரம் வெறும் பொட்டல் வரும். இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துப் பார்த்துப் பெருத்தன. எங்கள் ஊர் மேம்பாலம் கட்டினால், அடுத்த வருஷம் அவர்கள் அதைவிட நூறு அடி நீளமாக ஒன்று கட்டுவார்கள், அடியில் சாலையே இல்லாவிட்டாலும். எல்லையில் மக்கள்தொகைப் பலகை வைத்து அவர்கள் எட்டு லட்சம் என்று எழுதினார்கள். மறு வாரமே எங்கள் பலகையில் எட்டு லட்சத்துப் பத்து என்று எழுதினோம். அந்தப் பத்துப் பேர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வரவேற்பு வளைவுகளை வருஷா வருஷம் பிடுங்கி முன்னால் நட்டுக்கொண்டே போனார்கள். கடைசியில் எங்கள் "நன்றி, மீண்டும் வருக"வும் அவர்கள் "நல்வரவு"ம் ஒரே பஸ் ஸ்டாப்பில் முறைத்துக்கொண்டு நின்றன.

அந்த பஸ் ஸ்டாப்பை ஒட்டி முளைத்ததுதான் நடுப்பேட்டை. ஆயிரத்து இருநூறு வீடுகள். நம்முடையது என்று அவர்கள் சொன்னார்கள், நம்முடையது என்று நாங்கள் சொன்னோம். அதனால் பெரும்பாலான வீடுகளில் கதவுக்கு இடப்பக்கம் பச்சைத் தகடு, வலப்பக்கம் நீலத் தகடு. அங்கே குடியிருந்தவர்கள் பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழன். தண்ணீர் வராவிட்டால் இரண்டு நகராட்சியையும் திட்டுவார்கள், வரி கேட்டால் அடுத்த ஊரைக் கைகாட்டுவார்கள். என் சகலையின் சொந்த வீடும் அங்கேதான் இருந்தது. அவர் வாசலில் மட்டும் பச்சை ஒன்றுதான். நீலத்தை மாட்ட நான் போனபோது கதவைத் திறக்கவே இல்லை. ஜன்னல் வழியாகக் காபி கொடுத்து அனுப்பினார்.

போன வருஷம் மேலிடத்திலிருந்து எல்லை அதிகாரி என்று ஒரு அம்மாவைப் போட்டார்கள். குறிப்பிட்ட ஒரு நாளில் கணக்கெடுப்பு. ஒரே தகடு இருந்தால் அந்த வீடு அந்த ஊர் கணக்கு. இரண்டு இருந்தால் வீட்டுக்காரரைக் கேட்பார்கள். எந்த ஊருக்கு வீடு அதிகமோ, நடுப்பேட்டை மொத்தமும் அந்த ஊருக்கு. அறிவிப்பு வந்த மறுநாளிலிருந்து எங்கள் இரண்டு அலுவலகங்களிலும் ஒருவரை ஒருவர் நம்புவது நின்றுபோனது. "உன் சகலை என்ன பண்றார்னு கவனி" என்று என் மேலாளர் என்னிடம் சொன்னார். சகலையின் மேலாளரும் அவரிடம் அதையேதான் சொல்லியிருப்பார். என் சகலைக்கு அதைச் சொல்ல ஆள் தேவையா என்ன!

அப்புறம் பச்சைத் தகடுகள் காணாமல் போக ஆரம்பித்தன. முதல் வாரம் மூன்று. அடுத்த வாரம் ஏழு. நீலம் ஒன்றுகூடப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு ஒரு வாரம் எங்கள் வீட்டில், ஒரு வாரம் அவர்கள் வீட்டில் என்பது பல வருஷப் பழக்கம். அந்த ஞாயிறு எங்கள் வீட்டு முறை. சாப்பிட உட்கார்ந்தவர், தட்டை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் ஒரு பச்சைத் தகட்டை வைத்தார். பக்கத்தில் இரண்டு திருகாணிகள்.

"சாக்கடை ஓரத்துல கிடந்துச்சு. இதுல கீறல் ஏதாவது இருக்கா பாரு."

"இல்ல சகல."

"ஸ்க்ரூ தலை சிதைஞ்சிருக்கா?"

"இல்லையே. புதுசு மாதிரி இருக்கு."

"அப்ப தெரியாதவன் நெம்பி எடுக்கல. தொழில் தெரிஞ்சவன் பதவிசாக் கழட்டியிருக்கான். இந்த ரெண்டு ஊர்லயும் இப்படிக் கழட்டத் தெரிஞ்சது ரெண்டு பேருக்குத்தான். ஒருத்தன் நான்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தது. "சாப்பிட வந்த இடத்துல இதென்ன பேச்சு? எந்திரிங்க!" என்று கத்திவிட்டேன். அவர் எழுந்தார். தகட்டையும் திருகாணிகளையும் எண்ணிப் பையில் போட்டுக்கொண்டார். என் மனைவி கரண்டியோடு நடுவில் நின்றாள். அக்காவும் தங்கையும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அன்றோடு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நின்றது.

அவர் அதோடு விடவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்த நகராட்சி ஊழியர் அரசுத் தகடுகளைக் கழற்றுகிறார் என்று, என் பெயர், என் வேலை நேரம், நான் நடுப்பேட்டைக்குப் போன நாட்கள் எல்லாம் போட்டு நாலு பக்கம். எனக்கு நோட்டீஸ் வந்தது. எல்லை அதிகாரி முன்னால் விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போய்விடும். நாற்பத்தெட்டு வயதில், சுவரில் ஓட்டை போட மட்டும் தெரிந்தவனுக்கு எவன் வேலை கொடுப்பான்?

"நீங்க கழட்டலல்ல?" என்றாள் என் மனைவி.

"நீயுமா?"

"இல்லீங்க, ஒரு வார்த்தை கேட்டேன்" என்றாள். சகலையின் வியாதி எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அவள் அக்காவிடம் போனில் பேசினால் நான் அடுத்த அறையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

விசாரணைக்கு ஒரு வாரம் இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஆகாது என்று பகலில் நடுப்பேட்டைக்குப் போனேன். பச்சை போன வீடுகளின் சுவர்களைப் பார்த்தேன். நாங்கள் தகடு மாட்டுகிற விதம் இதுதான்: சுவரில் ஓட்டை போட்டு, மர ஆப்பு அடித்து, அந்த ஆப்பில் திருகாணியை முடுக்குவோம். ஒருமுறை முடுக்கினால் வீடு இடியும்வரை நிற்கும். என் ஆப்புகள் எல்லாம் அப்படியே இருந்தன. பச்சைத் தகட்டின் ஆப்புகளில் மட்டும் ஓட்டை அகன்று, உள்ளே மரம் தூளாகி இருந்தது. என் சுண்டுவிரல் போனது. திருகாணியைக் கழற்றிக் கழற்றி மாட்டினால்தான் இப்படி ஆகும். ஒருமுறை இரண்டுமுறை இல்லை, பலமுறை.

மூன்றாம் தெருவில் ஒரு தையல்கார அம்மா வாசலிலேயே மிஷின் போட்டிருப்பார். அவர் வீட்டுப் பச்சையும் காணோம்.

"தகடு எங்கம்மா?"

"மாவு டப்பாவுக்கு மூடியா வச்சிருக்கேன். அதுவா விழுந்துச்சு. அளவு சரியா இருந்துச்சு."

"அதுவா விழுந்துச்சா? யாரும் கழட்டலையா?"

"கழட்டுறவர் கழட்டிட்டுத்தானே இருந்தார்! பச்சைத் தகடுக்காரர். அறிவிப்பு வந்ததுலேருந்து, அவருக்குச் சந்தேகமான வீட்டுக்கெல்லாம் வாரத்துக்கு ஒரு தடவை வருவார். கழட்டுவார், திருப்பிப் பின்பக்கம் பாப்பார், பென்சில்ல என்னமோ எழுதுவார், மாட்டிட்டுப் போவார். தகடு காணாமப் போக ஆரம்பிச்சப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தார்."

"இதை அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமேம்மா."

"அவர் கேக்குற கேள்வியில எடுக்காதவனே எடுத்தவன் மாதிரி முழிப்பான். எதுக்கு வம்புன்னு தெரியாதுன்னுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். தகடு பத்திரமாக இருக்கிறதா என்று கழற்றிக் கழற்றிப் பார்த்தே மனிதர் தகட்டை விழவைத்திருக்கிறார். விழ விழச் சந்தேகம், சந்தேகப்படச் சந்தேகப்படச் சோதனை. அப்புறம் சிரிப்பு அடங்கிவிட்டது. இதைச் சொன்னால் என் வேலை தப்பிக்கும். அவர் கதி? ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறவர், ஊர் சிரிக்க வெளியே போவார்.

மறுநாள் சாயங்காலம் அவர் மனைவி தனியாக பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் சொல்லத் தயங்கியதை அவரே ஆரம்பித்தார்.

"தம்பி, எங்க வீட்டு கேஸ் அடுப்புக் குழாயை ராத்திரி பகல் பாக்காம திருகித் திருகி, வருஷத்துக்கு மூணு வாஷர் மாத்துறோம். தகடு எப்படி விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

"அவர்கிட்ட சொன்னீங்களா அண்ணி?"

"சொன்னேன். உனக்குத் தங்கச்சி வீட்டுப் பாசம்னு சொல்லிட்டார். அடுத்தவங்க சொன்னா அவர் செத்தாலும் நம்ப மாட்டார். உங்க வேலையை நீங்க காப்பாத்திக்கணும் தம்பி, அதுல தப்பே இல்ல. ஆனா அவர் வாயால வரட்டும். நீங்க சொல்லி அவர் விழுந்ததா வேணாம்." சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் மனைவியும் அழுதாள். நானும் அழுதிருப்பேன், ஆனால் எனக்கு அவர்மேல் கோபம் இன்னும் பாக்கி இருந்தது.

விசாரணை அறையில் நீளமேஜை, எட்டு நாற்காலிகள், சத்தம் போடுகிற மின்விசிறி. ஒரு பக்கம் அவர்கள் ஊர்க்காரர்கள், ஒரு பக்கம் எங்கள் ஊர்க்காரர்கள். நடுவில் எல்லை அதிகாரி அம்மா. என் சகலை இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார், பையில் திருப்புளி. காணாமல் போன நாற்பத்தொன்றில் தெருவில் கிடைத்த ஒன்பது தகடுகளை மேஜைமேல் அடுக்கினார். கீறல் இல்லை, திருகாணி சிதையவில்லை, தொழில் தெரிந்தவன் வேலை என்று அன்று என் வீட்டில் சொன்ன அதே பேச்சைச் சொன்னார். இம்முறை என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார்.

தையல்கார அம்மாவின் பெயர் நாக்கு நுனியில் நின்றது. விழுங்கிவிட்டு எழுந்தேன். "எனக்கு ஒரே சந்தேகம்தாங்க. இதெல்லாம் அவர் மாட்டின தகடுதான்னு எப்படித் தெரியும்? போலியாக்கூட இருக்கலாமே."

போலி! அந்த வார்த்தை அவருக்கு முள்ளாகத் தைக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

"போலியா? யாருகிட்ட சொல்ற?" என்று துள்ளி எழுந்தார். "இவங்க போலி அடிச்சு மாத்துவாங்கன்னு தெரிஞ்சுதான் ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி நான் அடையாளம் வச்சிருக்கேன். பாருங்கம்மா!" ஒன்பதையும் வரிசையாகத் திருப்பினார்.

அதிகாரி அம்மா ஒன்றைக் கையில் எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "தேதிகள் இருக்கு. முதல் தேதி மாட்டின நாளா?"

"ஆமாம்மா."

"மீதி எட்டு?"

"சோதனைம்மா. தகடு மாறிடுச்சான்னு பாத்த நாள்."

"எப்படிப் பாத்தீங்க?"

"கழட்டி, பின்பக்கம் பாத்து, தேதி போட்டு, திரும்ப மாட்டுவேன்."

"எட்டுத் தடவையா?"

"இதுல எட்டு. அதுல பதினொண்ணு" என்றார் பெருமையாக. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஸ்க்ரூ எதுல பிடிக்குது?"

"மர ஆப்புலம்மா" என்றவர், அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்து அப்படியே நின்றுவிட்டார். தொழில்காரர் அல்லவா, ஆப்பில் பதினொரு முறை திருகினால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர் சிரித்தார். அப்புறம் அவர்கள் பக்கத்திலேயே ஒருவர் சிரித்தார். சகலையின் கை சட்டைப்பைக்குப் போய்த் திருப்புளியைத் தொட்டது. எடுக்கவில்லை.

வெளியே நடையில் என்னை நிறுத்தினார். "அந்தக் கேள்வியை நீ ஏன் கேட்ட? உனக்கு முன்னாடியே தெரியும்ல?"

"தெரியாது சகல" என்றேன்.

அவர் படியிறங்கிப் போனார். பத்தொன்பது வருஷத்தில் என்மேல் அவர் பட்ட சந்தேகங்களில் அது ஒன்றுதான் சரி. அதற்குப் போய் நான் பொய் சொன்னேன்.

என் வேலை தப்பியது. அவரை வெளியே அனுப்பவில்லை, கிடங்குக்கு மாற்றினார்கள். கணக்கெடுப்பு நாளில் பச்சை இல்லாத வீடுகள் எல்லாம் நீலக் கணக்கில் விழ, இருபத்தாறு வீடு வித்தியாசத்தில் நடுப்பேட்டை எங்கள் ஊருக்கு வந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் வளைவை அந்த வாரமே பிடுங்கி அவர்கள் வாசலில் கொண்டுபோய் நட்டார்கள். எனக்கு என்ன வந்தது? நீலம் இல்லாத மிச்ச வீடுகளுக்கு மாட்டச் சொல்லிப் பட்டியல் வந்தது. அதில் ஒன்று அவர் வீடு.

மாட்டுவதற்கு முந்தின நாள் அந்தத் தகட்டை வீட்டுக்கு எடுத்துப்போனேன். பின்பக்கம் அழியாத மையில் எழுதினேன்: "சகல, எனக்கு முன்னாடியே தெரியும். பொய் சொன்னது தப்பு, மன்னிச்சிருங்க. ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க." கடிதமாகப் போட்டால் பிரிக்கமாட்டார், யாரோ எழுதிவிட்டார்கள் என்பார். போனில் சொன்னால் வைத்துவிடுவார். இதைக் கட்டாயம் படிப்பார் என்று தெரியும்.

இந்த முறை கதவைத் திறந்தார். பச்சை இருந்த இடத்தில் ஓட்டைகள் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு இருந்தன. மறுபக்கம் புதிதாகத் துளை போட்டேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். முடித்துவிட்டுக் கிளம்பியதும், "முழுசா முடுக்கினியா?" என்றார். முடுக்கினேன் என்றேன். தெருமுனையில் நின்று எட்டிப் பார்த்தேன். திருப்புளி வெளியே வந்திருந்தது.

அந்த ஞாயிறு அவர் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. என் மனைவி ஒவ்வொரு வாரமும் இரண்டு தட்டு அதிகமாக வைத்தாள், எடுத்தாள். மூன்றாவது வாரம் நான், "விடு, இனி வைக்காத" என்று எரிந்து விழுந்தேன். அவள் கேட்கவில்லை.

நாலாவது ஞாயிறு, சாப்பாட்டு நேரத்துக்கு வாசலில் வந்து நின்றார். பின்னால் அண்ணி. அவர் கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒன்று.

"விழுந்துடுச்சு" என்று என்னிடம் நீட்டினார். "வந்து மாட்டிக் குடு."

"நாலு வாரத்துலயா சகல?"

"ஞாயித்துக்கிழமைன்னு எழுதினா ஆச்சா? எந்த ஞாயித்துக்கிழமைன்னு தேதி போட வேணாமா? எங்கயாவது ஓரத்துல சின்னதாப் போட்டிருக்கியோன்னு நானும் எத்தனை தடவைதான் பாக்குறது!"

சொல்லிவிட்டு உள்ளே போய், தனக்கு வைத்திருந்த தட்டைத் தூக்கி அடியில் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். நான் தாளைப் பிரித்தேன். என் எழுத்துக்குக் கீழே பென்சிலில் தேதிகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. மாட்டிய நாளிலிருந்து அன்று காலை வரை ஒரு நாள்கூட விடவில்லை.